அம்சவேணியைத் திருத்தும் அனுமதி

எங்கள் தென்றல் நகரில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் அம்சவேணி ஒரே சமயத்தில் நின்றுகொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, யாரும் பூசாரியையோ போலீஸையோ கூப்பிடவில்லை. அவள் அடுப்படியில் நிற்பது எந்த வீட்டுக்கும் புதிதல்ல என்பதால், "வந்துட்டீங்களாக்கா, அப்படியே அந்தத் தேங்காயத் துருவிருங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு அவரவர் குளிக்கப் போனார்கள். பிற்பாடு பால்காரரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான், ஒரே நேரத்தில் அத்தனை வீட்டிலும் அவள் தேங்காய் துருவியிருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியவந்தது. அப்போதும் எங்களுக்கு வந்த ஒரே சந்தேகம், யார் வீட்டில் அதிகமாகத் துருவினாள் என்பதுதான்.

இதற்கெல்லாம் மூலகாரணம் அவள் புருஷன் நாச்சிமுத்து. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே, ஒரு பதிவறைகூட இல்லாமல் ஒரு வீடு எப்படி நடக்கிறது என்று கவலைப்பட ஆரம்பித்தவர். பதிவதற்கு என்ன இருக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினார். சுவருக்கு மேல் பரண், பரணுக்கு மேல் பாத்திரம், பாத்திரத்துக்குள் பாத்திரம். அம்சவேணி கல்யாணமாகி வந்தபோது அவளுடைய அப்பா லாரியில் ஏற்றி அனுப்பிய சீர் அது. அண்டா, குண்டா, தவலை, தூக்குப்போசி, இட்லிக் கொப்பரை, குத்துவிளக்கு, சொம்பு, கரண்டி என்று ஒன்று விடாமல், பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் பெண்ணின் பேரை வெட்டித் தருவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், எல்லாவற்றிலும் "கு. அம்சவேணி" என்று வெட்டியிருந்தது.

அந்தப் பாத்திரங்கள் இல்லாமல் எங்கள் காலனியில் ஒரு வளைகாப்பு நடந்ததில்லை, ஒரு காதுகுத்து நடந்ததில்லை, ஒரு காரியம் முடிந்ததில்லை. பெரிய அண்டா கேட்டு ஆள் போனால் அண்டாவுக்குப் பின்னால் அம்சவேணியும் வருவாள். அந்த அண்டாவுக்கு எத்தனை படி அரிசி, எத்தனை குடம் தண்ணீர் என்பது அவளுக்குத்தான் தெரியும், வந்தவளைச் சும்மா உட்காரவைப்பது மரியாதையில்லை என்று நாங்களும் கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவோம். அண்டா சில சமயம் திரும்பிப் போகாது. அம்சவேணி திரும்பிப் போவாள், இருட்டிய பிறகு, இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

எந்தப் போசி யார் வீட்டில் இருக்கிறது என்பதை எல்லாரும் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு டேட்டாபேஸ் செய்யப் போவதாக நாச்சிமுத்து காலனி வாட்ஸப் குழுவில் அறிவித்தார். நிபந்தனை இரண்டு. எல்லாரோடும் பகிர முடிய வேண்டும். காசு கொடுக்கக் கூடாது. அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் ஒரு மாதத்துக்கு ஓயவில்லை. சொந்த வீட்டுக்கு மருமகளைத் தேடியபோதுகூட அவ்வளவு யோசிக்காதவர்கள், ஒரு இலவச மென்பொருளுக்காகக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசித்தார்கள். அதைப் பயன்படுத்தவே போகாதவர்கள் அதிகம் யோசித்தார்கள்.

சங்கத் தலைவர் தெய்வசிகாமணி, சாதாரண அட்டவணை போதும் என்றார். அட்டவணையில் ஏற்றினார்கள். தலைவர் ஆர்வத்தில் ஒரு வரிசையை மட்டும் அகராதி முறைப்படி அடுக்க, பக்கத்து வரிசை இருந்த இடத்திலேயே இருக்க, எதிர் வீட்டு ராஜாமணி வாங்கிய இரவல் எல்லாம் தலைவர் வீட்டுக் கணக்கில் போய் விழுந்தது. அடுத்து ஒரு மென்பொருள், உள்ளே நுழைய இலவசம், பதிய இலவசம், பார்க்க இலவசம், இன்னொருவருக்குக் காட்ட மட்டும் காசு. இன்னொன்று ஒவ்வொரு சொம்புக்குக் கீழேயும் வழுக்கைத் தலை விளம்பரம் போட்டது. வேறொன்று முழுக்க முழுக்க இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். அதை நிறுவுவதற்குள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுத் தாரணிக்குக் கண் சிவந்துவிட்டது.

"அங்கிள், இது நல்லதுதானுங்க. ஆனா நம்மளே சர்வர் வெக்கோணும்."

"அதுக்கு எவ்வளவு ஆகுமுங்க?"

தாரணி சொன்னாள். நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

கடைசியில் அலமாரி என்ற ஒன்று கிடைத்தது. காசில்லை, விளம்பரமில்லை, தமிழில் எழுதலாம், எத்தனை பேரோடும் பகிரலாம். ஒரே குறை, ஒருமுறை திருத்தினால் பழையது என்னவாக இருந்தது என்று அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதற்கு மட்டும் காசு. "பழசு நமக்கு எதுக்குங்க?" என்றார் தலைவர். குழுவில் எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

அம்சவேணி பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் துலக்கி, கவிழ்த்துக் காட்டினாள்; நாச்சிமுத்து தட்டச்சு செய்தார். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் பாத்திரத்தில் வெட்டியிருந்ததை அப்படியே அடித்தார்.

"அங்கிள், பேருங்கற எடத்துல அண்டா, போசின்னு போடுங்க" என்றாள் தாரணி.

"ஆவணத்துல என்ன இருக்குதோ அதத்தான் ஏத்தோணும்மா. மாத்தறதுக்கு நமக்கு அதிகாரம் கெடையாது" என்றார் நாச்சிமுத்து. முப்பது வருஷம் அரசாங்கத்துக்கு அவர் செய்த சேவை அது.

ஆகவே முதல் பொருள் அம்சவேணி, இரண்டாவது பொருள் அம்சவேணி, குத்துவிளக்கு அம்சவேணி, தேங்காய் துருவி அம்சவேணி. கொள்ளளவு, நிலைமை, நெளிவு என்று கட்டங்கள் இருந்தன. தட்டிப் பார்த்தால் விரிசல் தெரியும் என்பதால் ஓசை என்று ஒரு கட்டத்தை அவரே சேர்த்தார், அதில் "கணீர்" என்று அடித்தார். உரிமையாளர் என்ற கட்டத்தில் நாச்சிமுத்து என்று அடித்தார்.

"ஏனுங்க, பேரு என்னோடது, குடுத்தது எங்கப்பா. அங்க உங்க பேரு எதுக்குங்க?" என்றாள் அம்சவேணி.

"எல்லாம் ஒன்னுதான? நானு வேற, நீ வேறயா?" என்றார் அவர். அவள் அடுத்த தவலையைத் துலக்க ஆரம்பித்தாள்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் அலமாரி ஒரு கேள்வி கேட்டது. ஒரே பெயரில் பல பதிவுகள் இருக்கின்றன, ஒன்றாக்கிவிடலாமா என்றது. இடத்தை மிச்சம் பிடிப்பதில் நாச்சிமுத்துவுக்கு எப்போதும் விருப்பம். ஆமாம் என்று அழுத்தினார். லாரிச் சீர் முழுவதும் ஒரே ஒரு பதிவாகி, அதன் பெயர் அம்சவேணி என்று நின்றது.

பிறகு பகிரும் வேலை. அனுமதி மூன்று வகை. சிலருக்குப் பார்க்க மட்டும், சிலருக்குக் கருத்துச் சொல்ல, சிலருக்குத் திருத்த. முதலில் எல்லாருக்கும் பார்க்க மட்டும் என்று கொடுத்தார். அரை மணி நேரத்தில் வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. "பந்தியில கூப்பிட்டுட்டு எல போடாம உக்கார வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள் ராஜாமணி. தலைவருக்குத் திருத்தும் அனுமதி கொடுத்தால் செயலாளருக்குக் கோபம், செயலாளருக்குக் கொடுத்தால் அவர் சம்பந்திக்கு வருத்தம். ஒருவர் மனசும் நோகக் கூடாது என்று காலனி முழுவதுக்கும் திருத்தும் அனுமதியைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம் எங்கள் காலனி இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் காலையில் இட்லி பூவாக இருந்தது, எல்லா வீட்டிலும் பாத்திரம் பளபளத்தது, யார் வீட்டிலும் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அம்சவேணியைக் குறை சொன்னார்கள். வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டோம். அவளுக்குக் களைப்பாக இருக்காதா என்று தாரணி ஒருத்தி கேட்டதற்கு, அத்தனை வீட்டில் நிற்கிறவளுக்கு ஒரு வீட்டுப் பங்குக் களைப்புத்தானே வரும் என்று தலைவர் வகுத்துக் காட்டினார். அது கூட்டல் கணக்கு என்பது எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

காலனிக்கு இவ்வளவு பெரிய வசதி செய்து கொடுத்ததற்காக நாச்சிமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அந்த விழாவுக்கும் சமைத்தது அவள்தான்.

திருத்தும் அனுமதி இருக்கும்போது திருத்தாமல் எப்படி இருப்பது? ராஜாமணி கொள்ளளவு என்ற கட்டத்தில் இருந்ததை இரண்டு மடங்காக்கினாள். அன்று முதல் அம்சவேணி இரண்டு குடம் தண்ணீரை ஒரே கையில் தூக்கினாள். விளிம்பில் லேசான நெளிவு என்று நாச்சிமுத்து எழுதியிருந்ததை யாரோ அழித்தார்கள். அவள் இடது முழங்கால் நிமிர்ந்துவிட்டது, அதைக் காலனியின் மருத்துவ உதவியாகச் சங்கக் குறிப்பில் ஏற்றினோம். பயன்பாடு என்ற கட்டத்தில் ஒவ்வொருவராக முறுக்கு, அதிரசம், குழந்தை பார்த்தல், கால் பிடித்துவிடுதல் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள்.

ஒரே ஒரு தொந்தரவுதான் இருந்தது. அவள் ஒரு வீட்டில் வாயைத் திறந்தால் எல்லா வீட்டிலும் அதே பேச்சுக் கேட்டது. கடைசி வீட்டுப் பெரியவர் செத்துக் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் மாரடித்துக்கொண்டிருந்த இடத்தில், "இன்னுங் கொஞ்சம் வெல்லம் போட்டா நல்லா இருக்குமுங்க" என்றாள். தலைவர் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "இது ஊசிப்போச்சு, கொட்டீருங்க" என்றாள். சீரியல் ஓடும் நேரத்தில் யார் வீட்டிலோ யாரோ கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. முறையாகத்தான் நடந்தது. ஓசை என்ற கட்டத்தில் "கணீர்" என்று இருந்ததை அழித்துவிட்டு "இல்லை" என்று எழுதினோம்.

அன்று சாயங்காலம் நாச்சிமுத்து வழக்கம்போல உட்கார்ந்து காப்பி கேட்டார். காப்பி வந்தது. கூடவே அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேச்சை அவர் பெரிதாகக் காது கொடுத்துக் கேட்டவர் இல்லை. ஆனால் அது இல்லாத வீட்டில் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. பயந்துபோனார். இதை நாங்கள் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே பயந்துபோனார்.

போனை எடுத்து "கணீர்" என்று அடித்தார். அம்சவேணி, "ஏனுங்க" என்றாள். அதற்குள் ராஜாமணி வீட்டில் "இல்லை" என்று அடித்துவிட்டார்கள். அவர் அடிக்க, இவர்கள் அழிக்க, அவள் "ஏனுங்க", "ஏனுங்க" என்று விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாச்சிமுத்து செருப்பை மாட்டாமல் தலைவர் வீட்டுக்கு ஓடினார்.

"தலைவரே, அவ பேசோணுமுங்க."

"பேசி இப்ப என்னுங்க ஆகப்போகுது? வேல நடக்குதுல்ல?"

"எம்பட பொண்டாட்டிங்க அவ."

"யாருங்க இல்லைன்னா? உரிமையாளர்ல உங்க பேருதான இருக்குது. இது பெரும்பான்மை முடிவுங்க" என்றார் தலைவர். அவர் பின்னால் அடுப்பில் அம்சவேணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்த்தாள், பால் பொங்கவே மறுபடி அடுப்பைப் பார்த்தாள்.

பகிர்ந்ததையெல்லாம் ரத்து செய்துவிடுவது என்று நாச்சிமுத்து முடிவு செய்தார். அலமாரி கடவுச்சொல் கேட்டது. அவருக்கு மறந்துபோயிருந்தது. மறந்தவர்களுக்குப் பதிவு செய்த போன் எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவதாகச் சொன்னது, அனுப்பியது. பதிவு செய்த எண் அம்சவேணியுடையது. காஸ் சிலிண்டர், ஜவுளிக்கடைக் கூப்பன், மனை விற்கிறவர்கள், எங்கே எண் கேட்டாலும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவள் எண்ணைக் கொடுத்துவிடுவது அவர் பழக்கம்.

"அம்மிணி, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, காட்டு" என்றார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு போனை அவரிடம் கொடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லா வீட்டிலும் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை, சில வீடுகளில் அவளுக்குக் கொடுக்க நாற்காலி எது என்று தெரியாமல் தடுமாறினோம். ஒரு மாதமாகத் தாரணியின் வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அங்கிருந்த கம்ப்யூட்டரை அம்சவேணி கவனித்திருக்கிறாள் போல. ரகசிய எண்ணை அடித்தாள். புதுக் கடவுச்சொல் வைத்தாள். தாரணியின் திரையில் உரிமையாளர் என்ற கட்டத்தில் நாச்சிமுத்து அழிந்து அம்சவேணி என்று வந்தது. ஓசையில் கணீர் என்று வந்தது. அப்புறம் எங்கள் பெயர்கள், தலைவர் வீட்டிலிருந்து ஆரம்பித்து, வீட்டு வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் நாச்சிமுத்துவின் பெயர் இருந்தது. அதில் மட்டும் கொஞ்ச நேரம் விரல் நின்றதாக நாச்சிமுத்து சொல்கிறார், அப்புறம் அதுவும் போனது.

பெயர்கள் போக ஆரம்பிக்கும் முன்னால் அவள் எல்லா வீட்டிலும் வாய்விட்டு ஒன்று சொன்னாள்.

"அடுப்ப அணைச்சுக்குங்க."

அவ்வளவுதான். எல்லா அடுப்படியும் காலியாக இருந்தது. அவள் பெயர் வெட்டிய அத்தனை பாத்திரங்களும் அவளோடு போயிருந்தன, தலைவர் வீட்டில் பொங்கிக்கொண்டிருந்த பால், பாத்திரம் இல்லாமல் அடுப்பில் வழிந்தது.

அவசரக் கூட்டம் போட்டோம். பொதுச் சொத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது குற்றம் என்று தீர்மானம் போட்டோம். இலவசமாகக் கிடைப்பதை நம்பினால் இப்படித்தான் என்று, அதுவரை ஒரு பைசா செலவழிக்காத எல்லாரும் வருத்தப்பட்டார்கள். வேறு நல்ல இலவச மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்கத் துணைக்குழு அமைத்தோம். பெயர் வெட்டிய சீர்ப்பாத்திரம் வேறு யாரிடம் நிறைய இருக்கிறது என்று துணைக்குழு வீடு வீடாக விசாரிக்கப் போனபோது, எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருவர் பாக்கியில்லாமல், எங்களிடம் பாத்திரமே இல்லை, பிளாஸ்டிக்தான் புழங்குகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்சவேணி எங்கேயும் போய்விடவில்லை. நாச்சிமுத்துவின் வீட்டிலேயேதான் இருந்தாள். காலையில் காப்பி வாசனை வந்தது, வாணலியில் கடுகு வெடித்தது, கொல்லையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது, சில நேரம் யாரோடோ போனில் பேசிச் சிரித்தாள், என்ன பேசினாள் என்று மட்டும் பிடிபடவில்லை. அவள்தான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான், பார்க்கும் அனுமதி இல்லை. அவர் கடையில் இட்லி வாங்கித் தின்றார். தின்பதற்கு வீட்டில் ஒரு தட்டு இல்லாததால் பாத்திரக் கடைக்குப் போய் ஒன்று வாங்கினார். "பேரு வெட்டோணுங்களா?" என்று கடைக்காரர் கேட்க, வேண்டவே வேண்டாமென்று அவசரமாகச் சொல்லிவிட்டுத் தட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு தாரணியிடம் வந்து உட்கார்ந்தார்.

"அனுமதி கேட்டா குடுப்பாங்களாம்மா?"

"கேக்கலாமுங்க அங்கிள். எதுக்காகன்னு ஒரு கட்டம் இருக்குது. அத நெரப்பாம அனுப்ப முடியாது."

"இதுல என்ன யோசன? புருஷன்னு போடு."

போட்டாள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று போடச் சொன்னார். மறுக்கப்பட்டது. உடம்பு சரியில்லை, மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை என்று போடச் சொன்னார். மாத்திரை பீரோவின் இரண்டாவது அடுக்கில் நீல டப்பாவில் இருக்கிறது என்று பதில் வந்தது, அனுமதி மறுக்கப்பட்டது. பதிவறையில் ஆயிரம் விண்ணப்பத்துக்குக் காரணம் போதாது என்று திருப்பி அனுப்பியவர், தன் விண்ணப்பத்துக்கு ஒரு காரணம் தேடித் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் கண் கலங்கிவிட்டார்.

"என்னத்தப் போடறதுங்க அங்கிள்?"

"சும்மா பாக்கோணும்மா" என்றார். "வேற ஒன்னுமில்ல. பாக்கோணும்."

தாரணி அதையே அடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம், அனுமதிக்கப்பட்டது, பார்க்க மட்டும் என்று வந்தது.

அவர் வீட்டுக்கு ஓடினார். அம்சவேணி அடுப்படியில் நின்றிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கொள்ளளவும் நெளிவும் பழையபடி ஆகியிருக்க வேண்டும், இடது காலைச் சற்றுத் தாங்கியே நின்றாள். "அம்சா" என்று கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கவில்லை, கருத்துச் சொல்லும் அனுமதி அவருக்கு இல்லை. தோளைத் தொட்டார், கை காற்றில் போய் வந்தது. அவள் கல்லில் தோசை வார்த்தாள், சுற்றிலும் எண்ணெய் விட்டாள், திருப்பினாள், எடுத்துத் தட்டில் போட்டு அங்கேயே நின்றபடி சுடச்சுடப் பிய்த்து, ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

முடித்துவிட்டு அடுத்த தோசையை வார்த்தாள். அது தனக்கு என்று நினைத்து நாச்சிமுத்து புதுத் தட்டை எடுத்துவந்து பக்கத்தில் நின்றார்.

அதையும் அவளே சாப்பிட்டாள்.